பழைய கார் பெட்ரோலைக் குடிக்கிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை



வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை மருத்துவச் செலவு, படிப்பு, சிறுதொழில் பற்றியவை. சில மாதங்களுக்கு முன் சற்று வேறுபட்ட ஒரு மனு வந்தது. எழுதியவர் 2006ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேனில் ஜவுளி ஏற்றிக்கொண்டு நத்தம், வடமதுரை, வத்தலக்குண்டு என்று ஊர் ஊராகப் போய் விற்கும் ஒரு சகோதரர். "வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது. இன்ஜின் வேலைக்கு 32,000 ரூபாய் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். கடன் கொடுத்தால் மாதம் 2,000 வீதம் அடைத்துவிடுவேன்" என்பது மனுவின் சாரம்.

அவரை அழைத்துப் பேசினோம். "மைலேஜ் எவ்வளவு குறைந்திருக்கிறது பாய்?" என்று கேட்டோம். "முன்பெல்லாம் 14 கொடுக்கும். 500 ரூபாய்க்குப் போட்டால் நத்தம் போய்த் திரும்பிவிடுவேன். இப்போது திரும்பும் வழியிலேயே மறுபடியும் பங்கில் நிற்க வேண்டியிருக்கிறது" என்றார்.

அவர் வண்டி மாதம் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 14 கொடுத்தால் அதற்கு 86 லிட்டர் போதும். 9 கொடுத்தால் 133 லிட்டர் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 4,700 ரூபாய் கூடுதல் செலவு. சந்தை வியாபாரத்தில் அது ஏறத்தாழ ஒரு வார லாபம். அதன் மேல் கடன் தவணையும் சேர்ந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

நம் ஜமாஅத்தில் முப்பது ஆண்டுகள் மெக்கானிக் வேலை பார்த்து இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: "கடனை அப்புறம் பார்க்கலாம். இன்ஜின்தான் காரணம் என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? முதலில் அளந்து பாருங்கள். பிறகு காசில்லாத வேலையிலிருந்து ஆரம்பியுங்கள்."

அவர் காட்டிய வரிசையில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் வீடுகளில் இன்னும் ஆம்னியும், மாருதி 800-ம், பழைய ஆல்டோவும், சான்ட்ரோவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாருதி 800 தயாரிப்பு 2014இலும், ஆம்னி தயாரிப்பு 2019இலும் நின்றுவிட்டாலும், அத்தாவை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவதும் அந்த வண்டிகளில்தான். எனவே இது பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறோம்.

முதல் வேலை: சரியாக அளப்பது

200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு, பெட்ரோல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்ல முடியாது. பழைய வண்டியின் முள் மேடு பள்ளத்திற்கு ஏற்ப ஆடும்.

ஒரு முறை டேங்கை நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். வண்டியை ஆட்டி ஆட்டி மேலும் ஊற்ற வேண்டாம். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 அல்லது 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்கில், அதே பம்பில் மறுபடியும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ். 230 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் பிடித்தால் 9.2. ஒரு முறை பார்த்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும்.

மீட்டரையும் ஒரு முறை சோதிப்பது நல்லது. மதுரை நான்கு வழிச் சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். உங்கள் மீட்டர் 9 என்று காட்டினால், உண்மையான மைலேஜில் பத்தில் ஒரு பங்கு மீட்டரின் பிழையால்தான் குறைவாகத் தெரிகிறது.

நம் சகோதரர் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வந்தார். மீட்டர் சரியாக இருந்தது. இரண்டு முறையும் 9.2-ஐ ஒட்டியே வந்தது. ஆக, புகார் உண்மைதான். அடுத்தது காரணத்தைத் தேடுவது.

கசிவு இருக்கிறதா?

இதை முதலில் பார்க்கச் சொல்வது காசுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றில் ஈரமோ கறையோ தெரிகிறதா? வண்டிக்குள் பெட்ரோல் வாடை வருகிறதா? ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், வாடை வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தீப்பெட்டி, லைட்டர் வெளிச்சத்தில் ஒருபோதும் பார்க்க வேண்டாம், டார்ச் போதும்.

சக்கரம் தடையின்றி உருள்கிறதா?

இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் அங்கேதான் போகும்.

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பிடியுங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். பார்வைக்கு நன்றாகத் தெரியும் டயரில்கூடக் காற்று குறைந்திருக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிரேக். சமதரையில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத் தள்ளிப் பாருங்கள். ஒருவர் பிரேக் அருகில் உட்கார்ந்திருக்கட்டும். இந்தச் சின்ன கார்களை இரண்டு பேர் சிரமமின்றி உருட்ட முடியும். முடியவில்லை என்றால் எங்கோ பிடிக்கிறது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம்.

கிளட்சையும் கவனியுங்கள். சிறுமலை போன்ற ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்து நழுவுகிறது.

நம் சகோதரரின் வண்டியில் முதல் குறை இங்கேதான் கிடைத்தது. இடது பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி, பிரேக் ஷூ எப்போதும் டிரம்மில் உரசிக்கொண்டிருந்தது. பின் டயர்கள் இரண்டிலும் காற்று குறைவு. ஜவுளி மூட்டைகளின் எடையோடு இதையும் இழுத்துக்கொண்டுதான் அந்த வண்டி ஓடியிருக்கிறது.

இன்ஜின் போதிய சூட்டில் ஓடுகிறதா?

இது பலருக்கும் வியப்பாக இருக்கும். இன்ஜின் சூடேறினால்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். சூடேறாமல் ஓடினாலும் கெடுதல்தான்.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று உண்டு. தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை அது மூடியிருந்து, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும். பிறகுதான் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். நம் பகுதி வெயிலில் வண்டி ஒரு முறை கொதித்துவிட்டால், இந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவது பல ஒர்க்‌ஷாப்களில் வழக்கம். கொதிப்பது நிற்கலாம். ஆனால் அதன் பிறகு இன்ஜின் சரியான சூட்டை எட்டுவதே இல்லை.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும் வண்டிகளில், எவ்வளவு தெளிப்பது என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார் "இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அது காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத் தருவது போல நாள் முழுக்கக் கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டிருக்கும். அந்த சென்சாரே பழுதாகிப் போனாலும் இதே கதைதான்.

கண்டுபிடிப்பது எளிது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் பக்கத்தில் இருக்கும். கையும் துணியும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வால்வாக இருந்தால் குழாய் சில நிமிடங்கள் குளிராகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகி வந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி நின்றுவிட்டது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

சகோதரரின் வண்டியில் வால்வு இல்லை. இரண்டு கோடைக்கு முன் கழற்றியிருக்கிறார்கள். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. புது வால்வு போட்டு, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட் மாற்றியதும் கொதிப்பும் வரவில்லை.

காற்றும் பிளக்கும்

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் செலவு கூடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இழுவைதான் முக்கியமாகக் குறையும். மைலேஜில் பெரிய மாற்றம் இராது. அதனால் "ஃபில்டரை மாற்றினேன், மைலேஜ் ஏறவில்லையே" என்று வருந்த வேண்டாம். இன்ஜினுக்குள் புழுதி போகாமல் காப்பதும் அதன் வேலைதான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் முனை பல விஷயம் சொல்லும். பிஸ்கட் நிறமாக இருந்தால் எரிவது சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் சோக் கேபிளைப் பாருங்கள். குமிழை உள்ளே தள்ளினாலும் கேபிள் இறுகி, சோக் பாதி மூடியபடியே நிற்பது அடிக்கடி நடப்பது. மிதவை ஊசி தேய்ந்திருந்தாலும் பெட்ரோல் நிரம்பி வழியும். கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமை ஆகியவை அதன் அடையாளம்.

2010-க்குப் பிந்தைய பல கார்களில், இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்த்து எந்த சென்சாரில் குறை என்று அறியலாம். ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் மைலேஜ் குறையும். ஸ்கேன் செய்யாமல் ஒவ்வொரு சென்சாராக மாற்றிப் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கையிலேயே இருக்கும் சான்று

ஒவ்வொரு வண்டிக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுக்கிறோம். போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு என்று மடித்து வைத்துவிடுகிறோம். அதில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெட்ரோல் தேவைக்கு மேல் போய் அரைகுறையாக எரிந்தால் அந்த எண் உயரும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார்களுக்கு வரம்பு 3 சதவீதம்; பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5, பாரத் ஸ்டேஜ் 4-க்கு 0.3. பழைய சான்றிதழ்களோடு ஒப்பிட்டு, எண் ஏறிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் குறை இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலில். எண் சரியாக இருந்தும் மைலேஜ் இல்லை என்றால் சக்கரத்தையும் பிரேக்கையும் மறுபடி பாருங்கள்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் தொடங்கி நாடு முழுவதும் இது பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையும் பழைய வடிவமைப்பு நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பு இருக்கும் என்றே மதிப்பிட்டது.

ஆகவே 14 கொடுத்த வண்டி 13 கொடுத்தால் மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். ஆனால் 9 கொடுத்தால் பழியை எத்தனால் மீது போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் சீக்கிரம் கெடலாம் என்பதால் கசிவைப் பார்ப்பது இப்போது கூடுதல் அவசியம்.

பங்கில் அளவோ தரமோ சந்தேகமாக இருந்தால், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லவும், ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சண்டை போடாமல், மரியாதையாகக் கேளுங்கள்.

ஓட்டும் முறை

குளிர்ந்த இன்ஜின் கூடுதல் பெட்ரோல் எடுக்கும். கடைக்கு ஒரு முறை, பள்ளிக்கு ஒரு முறை, மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு முறை என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக எடுப்பதைவிட வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பது நல்லது. பள்ளி வாசலில் ஏசி போட்டு இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் வண்டிக்கு அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம்.

நான்கு வழிச் சாலையில் வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பன்மடங்காகும். 60-லிருந்து 90-க்கு ஏறினால் அந்த எதிர்ப்பு இரண்டே கால் மடங்கு. ஆம்னி போல முகம் தட்டையான வண்டிக்கு இது இன்னும் பாரம். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி அமைப்பு பரிந்துரைக்கும் வேகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர். சாமான் இல்லாத நாளில் கூரைக் கேரியரைக் கழற்றி வையுங்கள்.

எப்போது இன்ஜின் வேலை?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் வரவில்லை, நீலப் புகை வருகிறது, ஆயில் அடிக்கடி குறைகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் மிகக் குறைவாக இருந்தாலோ, சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தாலோதான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு. அப்போதும் கணக்குப் போடுங்கள்: வேலைச் செலவு எத்தனை மாதப் பெட்ரோல் மிச்சத்தில் திரும்பி வரும்? 15 ஆண்டு முடிந்த காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தகுதிச் சான்றோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கட்டணமும் உயர்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. பெட்ரோல் செலவுக்குப் பயந்து வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் மாட்டுவோர் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் அது எந்த நேரமும் தீப்பிடிக்கக்கூடிய ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

மனு என்ன ஆயிற்று?

பிரேக் கேபிள், ஷூ, தெர்மோஸ்டாட் வால்வு, கூலன்ட், பிளக், ஃபில்டர், கூலி என்று எல்லாம் சேர்த்து சுமார் 4,500 ரூபாய் ஆனது. அதன் பிறகு மகளின் நோட்டில் எழுதிய எண்கள் 12.8, 13.1, 13.2. பழைய 14 திரும்ப வரவில்லை. பெட்ரோலும் மாறியிருக்கிறது, வண்டிக்கும் வயதாகியிருக்கிறது. ஆனாலும் மாதம் சுமார் 3,900 ரூபாய் கையில் நிற்கிறது. வேலைக்கு ஆன செலவு ஒன்றேகால் மாதத்திற்குள் திரும்பிவிட்டது.

சகோதரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தத் தொகை, வரிசையில் அடுத்து இருந்த ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணத்திற்குப் போனது.

உங்கள் வண்டியும் இப்படித் தொல்லை தருகிறதா? கடன் மனு எழுதும் முன் டேங்கை நிரப்பி, ஒரு நோட்டை எடுத்து, முதல் வரியில் கிலோமீட்டரை எழுதுங்கள். இரண்டு முறை அளந்த கணக்கோடு அலுவலகத்திற்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.